தனிச் சட்டி

தமிழில் 'கறி' என்ற சொல்லைப் போல் ஆளுக்குத் தகுந்தபடி வேஷம் போடுகிற சொல் வேறொன்று உண்டா என்பது சந்தேகம். சங்கப் புலவர்களிடம் போய்க் 'கறி' என்று கேட்டால் மிளகுக் கொடியைக் காட்டுவார்கள். தஞ்சாவூர் அக்கிரகாரத்தில் கேட்டால் வாழைக்காயையோ புடலங்காயையோ வதக்கி இலையில் வைப்பார்கள். எங்கள் மதுரைப் பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒருவர் மற்றொருவரைப் பார்த்து, "என்ன, கறி எடுத்தாச்சா?" என்று விசாரித்தால், அது ஆட்டுக் கறியைத் தவிர வேறு எதையும் குறிக்காது. இங்கிலீஷ்காரனோ இந்த வித்தியாசம் ஒன்றையும் பாராட்டாமல், மஞ்சளாகவும் குழம்பாகவும் எது இருந்தாலும் அதற்குக் 'கறி' என்று பெயர் வைத்துவிட்டான்.

மிளகும் காயும் மாமிசமும் ஒரே சொல்லுக்குள் சண்டை சச்சரவில்லாமல் குடியிருப்பதைப் பார்த்தால், மாமிசத்துக்குப் பதிலாக வேறொன்றைப் போட்டுக் குழம்பு வைப்பது தமிழனுக்குப் புதிய காரியம் அல்ல என்றுதான் தோன்றுகிறது. ஆனால் அந்த 'வேறொன்'றைத் தேடிக்கொண்டு, இங்கிலாந்தில் ஒரு குளிர்காலத்தில், கடை கடையாக நான் அலைய நேர்ந்தது.

2012-ஆம் வருஷம் என் மனைவிக்கு அந்த நாட்டில் ஒரு மருத்துவமனையில் உத்தியோகம் கிடைத்தது. நாவல் எழுதுகிறவனுக்கு எந்த ஊரில் உட்கார்ந்தாலும் காகிதம் வெள்ளையாகத்தான் இருக்கும். ஆகையால் நானும் எங்கள் பெண்ணும் மூட்டை கட்டிக்கொண்டு கூடவே புறப்பட்டோம். லண்டனுக்கு மேற்கே, தேம்ஸ் நதிக்கரையில், மெய்டன்ஹெட் என்ற ஊரில் குடித்தனம். 2014-ஆம் வருஷம் ஐப்பசி மாதம் அம்மா எங்களிடம் வந்து சேர்ந்தாள். அப்பா காலமாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. உறவினரைப் பார்க்க வருகிறவர்கள் ஒரு தடவைக்கு ஆறு மாதத்துக்கு மேல் தங்கக் கூடாது என்பது அந்த நாட்டுச் சட்டம். ஆறு மாதமாவது தனிமை தெரியாமல் இருக்கட்டும் என்றுதான் அழைத்து வந்தோம்.

வந்தவள் சரியாகச் சாப்பிடவில்லை. பட்டினி கிடந்தாள் என்று அர்த்தமில்லை. இரண்டு கரண்டி தயிர் சாதம், ஒரு துண்டு எலுமிச்சங்காய் ஊறுகாய். அதோடு கையைக் கழுவிக்கொள்வாள். கேட்டால், "இந்தக் குளிருக்குப் பசிக்கவே மாட்டேங்குதுப்பா" என்பாள். குளிருக்குப் பசி அதிகமாகும் என்பது உலகம் அறிந்த விஷயம். ஒரு மாதத்தில் அவள் கை வளையல், கையைத் தூக்கினால் முழங்கை வரையில் ஓட ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னும் மோசம். நாங்கள் மூவரும் சாப்பிட உட்காரும்போது, "எனக்கு அப்புறம்" என்று சொல்லி ஜன்னலோரம் போய் உட்கார்ந்துவிடுவாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையின் ரகசியம் எனக்குத் தெரியும். அதை வாசகர்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

அம்மா பிறவிச் சைவம் அல்ல. 1977-ல், எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, டைபாய்டு ஜுரம் கண்டு நினைவு தப்பிக் கிடந்தேன். வைத்தியர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு போன ஓர் இரவில், அம்மா பழனி ஆண்டவனுக்கு வேண்டிக்கொண்டாள்: பிள்ளை பிழைத்தால் உயிருள்ள வரையில் கவுச்சி தொடுவதில்லை. முடி இறக்குகிறேன் என்று வேண்டிக்கொண்டிருக்கலாம். முடி மறுபடியும் முளைக்கும். காவடி எடுக்கிறேன் என்று வேண்டியிருக்கலாம். ஒரு நாளோடு தீர்ந்துபோகும். அம்மா தனக்கு எது மிகவும் பிரியமோ அதைத் தூக்கிக் கொடுத்தாள். எங்கள் வீட்டிலேயே ஆட்டுக் கறிக் குழம்பை ரசித்துச் சாப்பிட்டவள் அவள்தான்.

பிள்ளை பிழைத்தான். அந்தப் பிள்ளைதான் இதை எழுதிக்கொண்டிருக்கிறான்.

அதற்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமைதோறும் அம்மா எங்களுக்குக் கறிக் குழம்பு வைத்தாள். மல்லி, மிளகாய் வற்றல், மிளகு, சோம்பு, பட்டை, கல்பாசி எல்லாவற்றையும் பக்குவமாக வறுத்து, சின்ன வெங்காயமும் தேங்காயும் சேர்த்து அம்மியில் அரைப்பாள். உப்பு, காரம் மட்டும் அவளால் பார்க்க முடியாது. என்னைக் கூப்பிட்டு உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு, "உப்புப் பாருடா" என்பாள். பெரிய சட்டிக்குப் பக்கத்தில் சின்னச் சட்டி ஒன்று கொதிக்கும். அதில் அதே மசாலா. உள்ளே மட்டும் வாழைக்காய், அல்லது சேனைக் கிழங்கு, பருவம் வந்தால் பிஞ்சுப் பலாக்காய். வாரத்தில் அந்த ஒரு வேளைதான் எங்கள் வீட்டில் எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுகிற வேளை. ஆனால் வாழைக்காயும் சேனையும் வாயில் போட்டதும் கரைகிற சாமான்கள். நாங்கள் எலும்போடு போராடிக்கொண்டிருக்கும்போதே அம்மா சாப்பிட்டு முடித்துவிட்டு, வெறும் தட்டின் முன்னால் கை காய உட்கார்ந்திருப்பாள்.

நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த நாளில், எங்கள் ஊர் மளிகைக் கடைக்கு 'மீல் மேக்கர்' வந்து சேர்ந்தது. உலர்ந்த சுண்டைக்காய் போல இருக்கும். வெந்நீரில் போட்டால் பஞ்சு போல உப்பும். அம்மா அதை உப்புப் போட்ட நீரில் ஒரு கொதி விட்டு, பச்சைத் தண்ணீரில் அலசி, பச்சை வாசனை போகும் வரையில் இரண்டு மூன்று தடவை பிழிந்து, மசாலாவில் பிரட்டிக் குழம்பு வைத்தாள். அன்றைக்குத்தான் எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அவளுக்கு மெல்லுவதற்கு ஒன்று கிடைத்தது. அன்றைக்கு எங்களோடு சேர்ந்து உட்கார்ந்தவள் எங்களோடு சேர்ந்தே எழுந்தாள்.

"அத்தைக்கு மீல் மேக்கர் வாங்கிட்டு வந்தா என்ன?" என்று மெய்டன்ஹெட்டில் என் மனைவி கேட்டபோது, இந்தச் சரித்திரம் முழுவதும் என் கண் முன்னால் வந்து நின்றது. பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

முதலில் போனது சூப்பர் மார்க்கெட். மாமிசம் தின்கிற தேசத்தில் சைவத்துக்கு என்ன இருக்கப் போகிறது என்று நினைப்பவர்கள் அந்த அலமாரியைப் பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் சைவ உணவுச் சங்கம் 1847-லேயே ராம்ஸ்கேட் என்ற கடற்கரை ஊரில் கூடி ஆரம்பித்துவிட்டார்கள். ஆகவே மாமிசத்துக்கு மாற்றுக் கண்டுபிடிப்பதில் அவர்கள் நமக்குச் சளைத்தவர்கள் அல்ல. பாடகர் பால் மெக்கார்ட்னியின் மனைவி லிண்டா மெக்கார்ட்னியின் பெயரில் 1991 முதல் விற்கிற சைவ உணவுகள் ஒரு பக்கம். 'க்வார்ன்' என்ற பண்டம் மறுபக்கம்.

இந்தக் க்வார்னின் கதை ஒரு நாவலுக்குத் தகுந்தது. 1960-களில், உலகத்தில் ஜனத்தொகை பெருகிப் புரதச் சத்துக்குப் பஞ்சம் வரும் என்று பயந்தார்கள். சினிமாப் படங்களும் ரொட்டி மாவும் ஒருங்கே வியாபாரம் செய்த ஜே. ஆர்தர் ராங்க் என்ற பிரபு, மாவுப் பொருளிலிருந்து புரதம் உண்டாக்க வழி தேடும்படி தம்முடைய விஞ்ஞானிகளை ஏவினார். மூவாயிரத்துக்கு மேற்பட்ட மண் மாதிரிகளைச் சோதித்தார்கள். கடைசியில் 1967-ல் மார்லோ என்ற ஊரின் மண்ணிலேயே அவர்கள் தேடிய பூஞ்சைக் காளான் அகப்பட்டது. அந்த மார்லோ எங்கள் ஊரிலிருந்து கிளை ரயிலில் அரை மணிக்குள் போய்விடக்கூடிய இடம்! பெரிய கொப்பரைகளில் சர்க்கரைச் சத்துக் கொடுத்து அந்தக் காளானை வளர்த்து, நூல் நூலான அதன் சதையை இறுக்கிக் கோழிக் கறி போலவும் கொத்துக் கறி போலவும் ஆக்குகிறார்கள். மனிதர் உண்ணலாம் என்று 1985-ல் அனுமதி கிடைத்தது.

இவ்வளவும் படித்துவிட்டுச் சந்தோஷமாக டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். நூல் நூலானதைச் சேர்த்துப் பிடிப்பதற்கு முட்டையின் வெள்ளைக் கரு சேர்த்திருக்கிறது என்று எழுதியிருந்தது. முட்டை சேராத வகையும் அந்தக் கம்பெனி செய்கிறது. அன்றைக்கு அந்த அலமாரியில் அது இல்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் விவரம் சொன்னேன்.

"முட்டை கவுச்சி இல்லையா?" என்று கேட்டாள்.

"இந்த ஊர்க் கணக்கில் முட்டை சைவம் அம்மா."

"பழனியாண்டவன் எந்த ஊருப்பா?"

இதற்கு நான் என்ன பதில் சொல்ல? ஆனால் இதே கேள்விக்கு இதே தேசத்தில் இன்னொருவர் பதில் தேடியது ஞாபகத்துக்கு வந்தது. 1888-ல் காந்தி லண்டனுக்குப் படிக்கப் புறப்பட்டபோது, தாயார் புத்லிபாய்க்கு மது, மாது, மாமிசம் மூன்றையும் தொடுவதில்லை என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். லண்டனில் பல நாள் அரை வயிறு. ஃபாரிங்டன் தெருவில் 'சென்ட்ரல்' என்ற சைவ உணவுச் சாலையைக் கண்டுபிடித்த அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டார். பிறகு புத்தகங்களைப் படித்தபோது, மாமிசம் என்பதற்கு அந்த நாட்டில் மூன்று விதமான வியாக்கியானங்கள் இருக்கக் கண்டார். பறவை, மிருகங்களின் சதை மட்டுமே மாமிசம் என்பது ஒன்று. அவர்களுக்கு மீனும் முட்டையும் ஆகும். உயிருள்ளவை எல்லாவற்றின் சதையும் மாமிசம் என்பது இரண்டாவது. அவர்களுக்கு முட்டை மட்டும் ஆகும். பாலும் முட்டையும் கூடக் கூடாது என்பது மூன்றாவது. வாக்கை வாங்கிக்கொண்ட தாயின் மனத்தில் மாமிசம் என்பதற்கு என்ன பொருள் இருந்ததோ அந்தப் பொருளே தன்னைக் கட்டுப்படுத்தும் என்று காந்தி தீர்மானித்தார். சில நாள் தின்று பார்த்த முட்டையை விட்டுவிட்டார். அம்மாவின் அகராதியிலும் முட்டை கவுச்சிதான். அகராதியைத் திருத்த எனக்கு அதிகாரம் இல்லை.

அடுத்தது மெக்கார்ட்னி அம்மாள் பெயரிலிருந்த குழல் வடிவச் சமாசாரம். அது சோயாவில் செய்தது; முட்டை இல்லை. என் மனைவி அதை வட்ட வட்டமாக நறுக்கிக் குழம்பில் போட்டாள். அந்த ஊர் மூலிகையும் வெங்காயமும் ஏற்கெனவே அதற்குள் குடிபுகுந்திருந்தபடியால், எங்கள் மல்லியும் சோம்பும் வாசலிலேயே நின்றுவிட்டன. அம்மா மரியாதைக்கு ஒரு துண்டு சாப்பிட்டாள். "நல்லாத்தான் இருக்கு தாயி. ஆனா நம்ம கொழம்பு வேற, இது வேறயா நிக்குது" என்றாள்.

பிறகு பக்கத்து ஊரான ஸ்லவ்வுக்குப் போனேன். அங்கே பஞ்சாபிக்காரர்களின் மளிகைக் கடைகள் நிறைய உண்டு. "மீல் மேக்கர் இருக்கிறதா?" என்று கேட்டேன். கடைக்காரர் சற்று யோசித்துவிட்டு, சமையல் யந்திரம் எல்லாம் மின்சாரச் சாமான் கடையில்தான் கிடைக்கும் என்று மிகுந்த பரிவோடு வழி காட்டினார். 'சாப்பாடு செய்வது' என்று பெயர் இருந்தால் யந்திரம் என்றுதானே யாரும் நினைப்பார்கள்? பஞ்சாபில் அதே பண்டத்துக்கு 'நியூட்ரி' என்று பெயர் என்பதும், அதைக் குல்ச்சா ரொட்டியோடு அங்கே பிரியமாகச் சாப்பிடுகிறார்கள் என்பதும் பின்னால் தெரிந்துகொண்ட சங்கதி. உடல் நலப் பண்டங்கள் விற்கும் வெள்ளைக்காரர் கடையிலோ அதன் பெயர் 'டி.வி.பி.', அங்கே கிடைத்தது ரவை போன்ற தூள். ஊருக்கு ஒரு பெயர் வைத்துக்கொண்டு ஒளிந்து திரிகிற இந்தப் பண்டத்தைத் துப்பறிவாளர்தான் பிடிக்க வேண்டும் போலிருந்தது.

இந்த அலைச்சலைக் கேள்விப்பட்டு, ஸ்லவ்வில் இருக்கும் நண்பர் ஒருவர் சிரித்தார். திருநெல்வேலிச் சைவர், ஏழு தலைமுறையாக மாமிச வாடை அறியாத குடும்பம். "விட்டது விட்டதுதானே சார்? அப்புறம் அதே மாதிரி ஒரு பொம்மை செஞ்சு வச்சுத் திங்கணுமா? மனசு இன்னும் அதையே சுத்திக்கிட்டு இருக்குன்னுதானே அர்த்தம்?" என்றார்.

அவர் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. அன்றிரவு அதைப்பற்றி வெகு நேரம் யோசித்தேன். சீனாவில் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, பௌத்த மடங்களுக்கு வரும் விருந்தாளிகளுக்காகக் கோதுமை மாவை நீரில் கழுவிக் கழுவி, மிஞ்சும் பசையிலிருந்து 'வாத்து' செய்தார்கள். மலேசியாவில் நம் தமிழர்கள், தைப்பூச விரத நாட்களில், சீனர் கடைச் சைவ 'ஆட்டிறைச்சி'யை வாங்கி மிளகாய்த்தூள் போட்டுப் பிரட்டுகிறார்கள். இங்கிலீஷ்காரன் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நடுமேஜையில் வைத்து அறுப்பதற்காகக் க்வார்னை முழு உருண்டையாகவே செய்து வைத்திருக்கிறான். சீனனுக்கு விருந்தில் வாத்து இருந்தாக வேண்டும். இங்கிலீஷ்காரனுக்கு மேஜையில் அறுப்பதற்கு ஒன்று வேண்டும். நமக்குக் குழம்பில் மெல்லுவதற்கு ஒன்று வேண்டும். ஒருவரும் மாமிசத்துக்காக அழவில்லை. மாமிசம் இருந்த இடம் காலியாகிவிட்டால், அந்த இடத்தைச் சுற்றி உட்கார்ந்திருந்த மனிதர்களும் கலைந்துபோவார்களே என்றுதான் கவலைப்படுகிறார்கள். பிறவிச் சைவர் வீட்டில் எல்லாருக்கும் ஒரே சட்டி; அங்கே மாற்றுப் பொருளுக்கு வேலை இல்லை. யாரோ ஒருவருக்காகத் தான் மட்டும் ஒன்றை விட்டவளுக்குத்தான் தனிச் சட்டி. அம்மா ஆண்டவனுக்குக் கொடுத்தது கறியைத்தான். எங்களோடு உட்காருவதை அல்ல.

கார்த்திகை தீபத்தன்று, மேனர் பார்க்கில் இருக்கும் முருகன் கோயிலுக்கு அம்மாவை அழைத்துக்கொண்டு போனோம். பாடிங்டனில் இறங்கி, நிலத்தடி ரயிலில் லண்டனின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரையில் பிரயாணம். தரிசனம் முடிந்து ஈஸ்ட் ஹாம் கடைத்தெருவுக்கு வந்தோம். முருங்கைக்காயும் வாழைப்பூவும் வாசலில் குவித்திருந்த கடை ஒன்றைக் கண்டதும், அம்மா யாரையும் கேட்காமல் உள்ளே நுழைந்துவிட்டாள். கடைக்காரர் யாழ்ப்பாணத்துக்காரர்.

"வாங்கோ அம்மா, என்ன தேடுறியள்?" என்றார்.

"மீல் மேக்கர் இருக்காய்யா?" என்று அம்மா கேட்டாள்.

அவர் ஒரு கணம் புருவத்தைச் சுருக்கினார். "ஓ, சோயா மீற்றைச் சொல்லுறியள் போல" என்று ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினார். என் பெண் மேலே இருந்ததைப் படித்துவிட்டு, "அப்பத்தா, மீட்னா கறி!" என்றாள். அம்மா நெருப்பைத் தொட்டவள் போலக் கையை இழுத்துக்கொண்டாள்.

"பேர்தான் அம்மா மீற். உள்ளுக்க இறைச்சி ஒரு துளியும் இல்லை. வெள்ளிக்கிழமையிலயும் விரத நாளிலயும் எங்கட வீடுகளில இதுதானே கறி" என்றார் கடைக்காரர்.

முட்டை உள்ளே இருந்தும் பெயர் சைவமாக இருந்தது ஒரு பண்டம். உள்ளே சுத்த சைவமாக இருந்தும் பெயர் மாமிசமாக இருந்தது இன்னொன்று! கோழி வாசனை, கணவாய் வாசனை என்று மசாலாப் பொடி சேர்த்த பொட்டலங்களும் இருந்தன. அம்மா அவற்றையெல்லாம் ஒதுக்கிவிட்டு, எதுவும் சேராத வெறும் சோயாவாகப் பார்த்து எடுத்துக்கொண்டாள். ரயிலில், "இது எதிலேருந்துப்பா செய்யிறாங்க?" என்று கேட்டாள். சோயா மொச்சையிலிருந்து எண்ணெயை எடுத்த பிறகு மிஞ்சுகிற மாவில் பாதிக்குப் பாதி புரதம்; அந்த மாவை ஈரப்படுத்தி, உஷ்ணத்திலும் அழுத்தத்திலும் வைத்துச் சிறு துவாரத்தின் வழியாகத் தள்ளினால், வெளிக்காற்றுப் பட்டதும் உள்ளே இருக்கும் நீர் ஆவியாகிப் பொரி போல உப்பிவிடும்; 1960-களில் அமெரிக்காவில் கண்ட வித்தை இது; 1970-களுக்குப் பிறகு மத்தியப் பிரதேசத்தில் சோயா பயிர் பரவி எண்ணெய் ஆலைகளும் பெருகின; அப்புறம் நம் ஊருக்கும் சுலபமாக வந்துவிட்டது என்று விளக்கினேன்.

அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப, பிண்ணாக்குன்னு சொல்லு" என்றாள்.

ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். பிண்ணாக்குக்குச் சொந்தமாக ஒரு ருசியும் கிடையாது. ருசியே இல்லாத ஒரு பண்டத்துக்காகவா இவ்வளவு தூரம் அலைந்தோம் என்று எனக்கே வேடிக்கையாக இருந்தது. ஆனால் அதுதான் அதன் பெருமை. கூட வந்த மசாலாவோடு வந்த விருந்தாளிகள் எல்லாரும் எங்கள் சட்டியில் தனியாக நின்றார்கள். இது ஒன்றுதான் வெறுங்கையோடு வந்து, கொடுத்ததை வாங்கிக்கொண்டு, வீட்டு மனிதராகவே ஆகிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா பொட்டலத்தைப் பிரித்துச் சோயாவை ஒரு டப்பாவில் கொட்டிக்கொண்டு, 'மீட்' என்று எழுதிய உறையைக் குப்பைக் கூடையில் போட்டாள். "பேரு வெளியே போகட்டும்; சாமான் உள்ளே இருக்கட்டும்" என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை திருநெல்வேலி நண்பரையும் சாப்பிட அழைத்திருந்தேன். மிளகாய் வறுத்த நெடியில், கூரையில் இருந்த புகை மணி தெருவுக்கே கேட்கும்படி அலறிற்று. என் மனைவி நாற்காலி மேல் ஏறி அதை அடக்கினாள். அடுப்பில் பெரிய சட்டி ஒன்று, சின்னச் சட்டி ஒன்று. பெரிய சட்டிக்கு உப்புப் பார்க்க என் பெண்ணுக்கு அழைப்பு வந்தது. எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்தோம். அம்மா ஜன்னலோரம் போகவில்லை.

நண்பர் தம் தட்டில் விழுந்த சோயாத் துண்டை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தயங்கியபடியே, "ஏம்மா, நெசமாவே கறி மாதிரியே இருக்குமோ?" என்று கேட்டார்.

"எனக்கு எப்படிய்யா தெரியும்? கறி தின்னு நாப்பது வருசம் ஆகப் போகுது. அதோட ருசியெல்லாம் எப்பவோ மறந்துபோச்சு" என்றாள் அம்மா. "நீங்க தின்னதே இல்லே, நான் மறந்துட்டேன். ரெண்டு பேருக்கும் பயமில்லே. சாப்பிடுங்க, இது நம்ம கொழம்பு."

நண்பர் சாப்பிட்டார். சின்னச் சட்டியிலிருந்து இரண்டாம் தடவையும் வாங்கிக்கொண்டார். பொம்மையைப்பற்றிப் பிறகு அவர் பேசவில்லை.

பங்குனி மாதம் அம்மாவை விமானம் ஏற்றிவிட்டு வந்தோம். உள்ளே போகும்போது திரும்பிக் கையைத் தூக்கி ஆட்டினாள். வளையல் முழங்கைக்கு ஓடவில்லை. மணிக்கட்டை விட்டுச் சற்றே நகர்ந்து அங்கேயே நின்றது.